சுரங்கத்து நீரை அளக்க வேண்டியவர் யார்?

மலையைக் குடைந்து உலோகம் எடுக்கும் சுரங்கத்திற்கும், அங்கிருந்து பல மைல் தூரத்திற்கு அப்பால் சமவெளியில் விளையும் நெல்லுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லையென்று எண்ணுவது எளிது. சுரங்கம் பூமிக்கு அடியில் இருக்கிறது. அதன் வாய் ஒரு சிறு குகையைப் போலத் தோன்றுகிறது. மேலே மலை இருந்தபடியே இருக்கிறது. திறந்த வெளியில் பாறையை வெட்டியெடுக்கும் குவாரியைப் போல அது கண்ணை உறுத்துவதில்லை. ஆயினும், அம்மலையிலிருந்து இறங்கும் ஆறே வயலுக்குப் பாயும் ஆறு என்பதை நினைத்துப் பார்ப்போருக்கு, சுரங்கத்தின் வாயும் வயலின் மடையும் ஒரே நீரோட்டத்தின் இரு முனைகள் என்பது விளங்கும். ஜப்பான் தேசத்து நெல் விவசாயிகள் இவ்வுண்மையைக் கற்றுக்கொள்ளக் கொடுத்த விலை மிகப் பெரிது. அவர்கள் கற்ற பாடம், ஆற்றுநீரை நம்பிப் பயிரிடும் எத்தேசத்தாருக்கும் பயன்படத்தக்கது.

சுரங்க நீரின் தூய்மையைக் காப்பதும், சுரங்கத்துக் கழிவு மண் அரித்துச் செல்லாமல் தடுப்பதும் சுரங்க முதலாளியின் கடமையென்றும், அக்கடமை நிறைவேறுகிறதா என்று பார்ப்பது சர்க்காரின் கடமையென்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. இரண்டும் சரியே. ஆனால் இவ்விருவர் மட்டும் போதாது. அந்நீரை வயலுக்குப் பாய்ச்சும் குடியானவர் தாமும் சுரங்கத்திற்குள் சென்று பார்க்கவும், நீரை எடுத்துச் சோதிப்பிக்கவும், கணக்கைக் கேட்டு வாங்கவும் உரிமை பெற்றிருத்தல் வேண்டும். அவ்வுரிமை இல்லாத இடத்தில் நல்ல சட்டமும் அரைப் பயனே தரும். ஜப்பானின் இரண்டு சுரங்கங்களின் வரலாற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் இது தெளிவாகும்.

தீங்கு வரும் வழி

தாமிரம், துத்தநாகம், ஈயம் முதலிய உலோகங்களின் தாதுக்கள் பெரும்பாலும் கந்தகத்தோடு கூடியே பாறையில் அமைந்திருக்கின்றன. பூமிக்குள் காற்றுப் படாமல் இருக்கும் வரையில் அவற்றால் கெடுதியில்லை. சுரங்கம் வெட்டியவுடன் காற்றும் ஊற்றுநீரும் அவற்றின் மேல் படுகின்றன, கந்தகம் அமிலமாகிறது, அமிலம் உலோகங்களைக் கரைக்கிறது. அவ்விதம் கரைந்த நீர் சுரங்க வாய்களின் வழியே வெளிப்பட்டு ஓடையில் கலக்கிறது. இது முதல் வழி.

தாதுவை மாவாக இடித்து உலோகத்தைப் பிரித்த பின்பு எஞ்சும் நுண்மணலும், பயனற்றதென்று ஒதுக்கிய கல்லும் மலைச் சரிவிலோ பள்ளத்தாக்கிலோ மலைபோல் குவிக்கப்படுகின்றன. பெருமழை பெய்தால் அவை கரைந்து ஆற்றில் இறங்குகின்றன. இது இரண்டாவது வழி. தாதுவை உருக்கும் உலையிலிருந்து எழும் கந்தகப் புகை சுற்றிலுமுள்ள காட்டைக் கருக்கிவிடுகிறது. மரம் பட்டு வேர் மக்கியதும் மலையின் மேல்மண் பற்றுக்கோடின்றிச் சரிகிறது. ஆற்றின் படுகை மேடாகிறது. வெள்ளம் கரைகடந்து, விஷம் ஏறிய சேற்றை வயலில் கொண்டுவந்து படிய வைக்கிறது. இது மூன்றாவது வழி.

ஆதலால் நீரின் தூய்மை என்பதும் மண்ணரிப்பு என்பதும் இருவேறு காரியங்கள் அல்ல. நீரை மட்டும் சுத்தி செய்து, குவியலைக் கவனியாது விட்டால், ஒரே இரவின் மழையில் ஓராண்டு வேலை வீணாகும்.

ஆஷியோ: உத்தரவு இருந்தது, உரிமை இல்லை

ஜப்பானில் டொச்சிகி மாகாணத்து மலைகளில் உள்ளது ஆஷியோ தாமிரச் சுரங்கம். 1877-ல் அதனை ஃபுருகாவா இச்சிபே என்னும் வியாபாரி வாங்கினார். சில ஆண்டுகளுக்குள் அத்தேசத்தின் மிகப் பெரிய தாமிரச் சுரங்கமாக அது வளர்ந்தது. அங்கிருந்து இறங்கும் வதராசே ஆறு, வளமான நெல் வயல்களுக்குப் பாய்வது. முதலில் ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. 1890-ல் வந்த வெள்ளத்திற்குப் பின்பு வயல்களில் பயிர் கருகியது. 1891-ல் தனக்கா ஷோசோ என்னும் பிரதிநிதி இதனைப் பார்லிமெண்டில் எழுப்பினார். 1896-ல் வந்த வெள்ளம் முன்னதினும் கொடியதாயிருந்தது.

சர்க்கார் வாளாவிருந்துவிடவில்லை. 1897-ல் 37 ஷரத்துக்கள் கொண்ட உத்தரவு ஒன்றைப் பிறப்பித்து, நீரைத் தெளிய வைக்கும் தொட்டிகளையும், வடிகட்டும் படுகைகளையும், புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் கோபுரத்தையும் குறித்த தவணைக்குள் கட்ட வேண்டுமென்று கட்டளையிட்டது. கட்டடங்கள் எழும்பின. ஆனால் கட்டடம் எழும்பியதற்கும், அது வேலை செய்வதற்கும் உள்ள வேற்றுமையை யார் கண்டறிவது? புகையை நீக்கும் கோபுரம் அக்காலத்துச் சாதனங்களைக் கொண்டு சரிவரப் பயன்படவில்லை. 1956-ல் புது முறையில் உருக்கும் உலை வரும் வரையில் மலைகள் கருகிக்கொண்டே இருந்தன. சுரங்கத்தை அடுத்திருந்த மாட்சுகி என்னும் கிராமம் 1902-ல் குடியற்றுப் போயிற்று. தனக்கா ஷோசோ 1901-ல் தம் பதவியைத் துறந்து, சக்கரவர்த்தியின் வண்டியை வழியில் நெருங்கி விண்ணப்பம் கொடுக்க முயன்றார்.

இதற்குச் சர்க்கார் கண்ட பரிகாரம் யாது? வெள்ளத்தைத் தேக்கி வைக்க ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு நீர்ப்பரப்பு அமைப்பது. அதற்காக யானக்கா என்னும் கிராமம் 1906-ல் கலைக்கப்பட்டது. விட்டுச் செல்ல மறுத்தவர்களின் வீடுகள் 1907-ல் இடித்துத் தள்ளப்பட்டன. நோய் மலையில் இருக்க, மருந்து சமவெளியில் இடப்பட்டது. அம்மருந்துக்கு விலையாக ஒரு கிராமமே போயிற்று.

அத்துடனும் முடியவில்லை. 1958 மே மாதத்தில் கெங்கொரோசாவா என்னும் இடத்திலிருந்த கழிவுக் குவியல் உடைந்து ஆற்றில் இறங்கி, கீழே மோரிடா கிராமத்தாரின் நெல் வயல்களைக் கெடுத்தது. 1897-ல் உத்தரவு பெற்ற சுரங்கத்தில் அறுபத்தோராண்டு கழித்து இது நிகழ்ந்தது என்பதை நினைக்க வேண்டும். 1973-ல் சுரங்கம் மூடப்பட்டது. 1974-ல் கம்பெனி விவசாயிகளுக்கு 155 கோடி யென் நஷ்ட ஈடு கொடுக்க ஒப்புக்கொண்டது. 2011 மார்ச்சு மாதம் ஏற்பட்ட பெரும் பூகம்பத்தில் அதே கெங்கொரோசாவாவில் கழிவு மண் மீண்டும் சரிந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் அனுமதித்த அளவுக்கு மேற்பட்ட ஈயம் காணப்பட்டது.

ஆஷியோவில் சட்டம் இருந்தது, உத்தரவு இருந்தது, மேற்பார்வையும் இருந்தது. சேதம் அடைபவர் மலையேறிச் சென்று, குவியலின் அடிவாரத்தைப் பார்த்து, இது நிற்குமா என்று கேட்கும் உரிமை மட்டும் இல்லை.

ஜின்சூ ஆறு: வயலிலிருந்து எலும்பு வரையில்

மற்றொரு சுரங்கம் கிஃபு மாகாணத்திலுள்ள கமியோகா. அது துத்தநாகமும் ஈயமும் எடுத்த இடம். அங்கிருந்து செல்லும் தகஹாரா ஆறு ஜின்சூ ஆற்றில் கலந்து, டொயாமா மாகாணத்து நெல் வயல்களுக்குப் பாய்கிறது. துத்தநாகத் தாதுவோடு காட்மியம் என்னும் உலோகமும் சிறிதளவு கலந்திருப்பது இயல்பு. அது நீரோடும் வண்டலோடும் வயலில் சேர்ந்து, நெல்லில் ஏறி, உண்பவரின் சிறுநீரகத்தைக் கெடுத்து, பின்பு எலும்பின் உறுதியையும் போக்கிவிடும். ஆற்றங்கரைக் கிராமங்களில் நடு வயதைக் கடந்த பெண்கள், பல பிள்ளைகளைப் பெற்றவர்கள், இந்நோயால் படுக்கையில் விழுந்தனர். இருமினாலும் எலும்பு முறியும் நிலை. “நோகிறது, நோகிறது” என்னும் பொருள்படும் ‘இதாய் இதாய்’ என்ற அவர்களுடைய கதறலே நோய்க்குப் பெயராயிற்று.

அவ்வூர் வைத்தியரான ஹகினோ நொபொரு, சுரங்க நீரே இதற்குக் காரணம் என்று 1957-ல் கூறினார். பயிர்ச் சேதத்தை ஆராய வந்த வேளாண் அறிஞர் யோஷியோகா கின்இச்சியும் அவரும் சேர்ந்து 1961-ல் காட்மியத்தைச் சுட்டிக் காட்டினர். நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்க மருத்துவ அறிவோடு பயிரைப் பற்றிய அறிவும் வேண்டியிருந்தது என்பது விவசாயிகள் நினைவில் வைக்கத் தக்கது. 1968 மார்ச்சில் நோயாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும் வழக்குத் தொடர்ந்தனர். அவ்வாண்டு மே மாதத்திலேயே ஜப்பானிய சர்க்கார் நோயின் காரணத்தை ஏற்றுக்கொண்டது. 1971-ல் ஜில்லா நீதிமன்றத்திலும், 1972 ஆகஸ்டு 9-ல் மேல் நீதிமன்றத்திலும் விவசாயிகள் வென்றனர்.

மறுநாள் அவர்கள் டோக்கியோவிலுள்ள கம்பெனியின் தலைமை அலுவலகத்திற்குச் சென்றனர். நஷ்ட ஈட்டோடும் நிலத்தைச் சீர்திருத்தும் வாக்குறுதியோடும் அவர்கள் திரும்பியிருக்கலாம். ஆனால் மூன்றாவதாக ஒரு பத்திரத்திலும் கையொப்பம் வாங்கினர். விவசாயிகள் வேண்டும்போதெல்லாம், தாங்கள் தெரிந்தெடுக்கும் நிபுணர்களுடன் சுரங்கத்திலும் ஆலையிலும் புகுந்து சோதிக்கலாம். கேட்கும் விவரங்களைக் கம்பெனி கொடுக்க வேண்டும். சோதனைக்கு ஆகும் செலவும் கம்பெனியையே சாரும் என்பது அப்பத்திரத்தின் சாரம். மூன்று வெற்றிகளுள் இதுவே தலையாயது என்று கூறலாம். நஷ்ட ஈடு கடந்த காலத்திற்கு, இது வருங்காலத்திற்கு.

உள்ளே சென்று பார்த்ததன் பலன்

1972 முதல் ஆண்டுதோறும் ஜின்சூ ஆற்றங்கரை விவசாயிகள், பல்கலைக்கழக அறிஞர்களை உடன் அழைத்துக்கொண்டு கமியோகாவுக்குச் சென்று வருகின்றனர். முதலில் கம்பெனியார் அவர்களை விரோதிகளாகவே எண்ணினர். நாளடைவில், கண்டிப்பான சோதனை தங்களுக்கும் நன்மையே என்பதை உணர்ந்தனர். பூமிக்குள் மாசுபடாத ஊற்றுநீரை, தாது வெட்டிய இடங்களில் புகாதபடி தனியே பிரித்து வெளியேற்றினர். அதனால் சுத்தி செய்ய வேண்டிய நீரின் அளவு குறைந்தது. எஞ்சிய நீரில் சுண்ணாம்பு சேர்த்து உலோகத்தைப் படிய வைத்தனர். கழிவுக் குவியல்களை மண்ணால் மூடி, மரமும் புல்லும் வளர்த்தனர்.

சோதனையின் மற்றொரு பலன் மிக நுட்பமானது. வடிகால் வாயில் அளந்த காட்மியத்திற்கும் ஆற்றில் காணப்பட்ட காட்மியத்திற்கும் கணக்கு ஒவ்வவில்லை. இடம் இடமாக அளந்து சென்றபோது, ஆலை நிலத்தின் அடியிலிருந்து கசியும் நீர் அருகே செல்லும் மின்சார உற்பத்திக் கால்வாயில் கலப்பது தெரிய வந்தது. வடிகால் வாயை மட்டும் அளப்பவர் இதனை ஒருபோதும் கண்டிருக்க மாட்டார். கணக்கு ஒவ்வாததைக் கண்டு விடாது தேடுபவர், அந்நீரால் பாதிக்கப்படுபவரே.

இன்று ஜின்சூ ஆற்றில் காட்மியத்தின் அளவு, சுரங்கமே இல்லாத ஆறுகளின் அளவுக்கு இறங்கிவிட்டது. 2001-ல் தாது எடுப்பது நின்ற பின்பும் சோதனை நிற்கவில்லை.

ஆட்சேபங்களும் விடைகளும்

சுரங்கங்களால் பலருக்குப் பிழைப்பு உண்டாகிறது. உலோகம் இன்றி உழவருக்கும் கருவியில்லை. குடியானவர்கள் குறுக்கிட்டால் தொழில் நசிக்கும் என்பது ஓர் ஆட்சேபம். கமியோகா சுரங்கம் விவசாயிகளின் சோதனைக்கு உட்பட்ட பின்பும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நடைபெற்றது. சோதனையால் அது மூடப்படவில்லை.

இரசாயனம் அறியாத குடியானவர் என்ன சோதிக்க முடியும் என்பது இரண்டாவது ஆட்சேபம். ஜின்சூ விவசாயிகள் தாமே சோதனைச் சாலை நடத்தவில்லை. தாங்கள் நம்பும் அறிஞரைத் தெரிந்தெடுத்தனர். அன்றியும், முதல் வெள்ளம் எப்போது வருகிறது, எந்த மடையில் வண்டல் மிகுதியாகப் படிகிறது, எந்த வயலில் பயிர் கூளையாகிறது என்பவற்றை விவசாயி அறிவது போல எந்த நிபுணரும் அறியார்.

செலவு அதிகம் என்பது மூன்றாவது. இதற்குக் கணக்கே விடை கூறும். ஜின்சூ சமவெளியில் கெட்டுப்போன மேல்மண்ணை ஆழத்தில் புதைத்து, அதன் மேல் நல்ல மண் பரப்பிச் சுமார் 2,130 ஏக்கர் நிலம் திருத்தப்பட்டது. அவ்வேலை 1979-ல் தொடங்கி 2012-ல் முடிந்தது. செலவு சுமார் 4,000 கோடி யென். அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 2 கோடி யென். இவ்வளவும் செலவிட்டு மீட்டது நிலத்தைத்தான். நோயாளிகளென்று சர்க்கார் ஏற்றுக்கொண்ட சுமார் 200 பேரின் வாழ்வை எத்தொகையாலும் மீட்க முடியவில்லை. ஆண்டுதோறும் நீரை அளக்கும் செலவு இதன் முன் எம்மாத்திரம்!

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜின்சூ விவசாயிகள் இவ்வுரிமையைப் பெற்றது, பலர் மாண்ட பின்பு, நீதிமன்றத்தின் வழியாகத்தான். கம்பெனியோடு முடிவான உடன்படிக்கை ஏற்பட்டதும் 2013 டிசம்பரில்தான். நோய் வந்த பின்பு பெறும் உரிமை, வெள்ளம் வடிந்த பின்பு போடும் அணையைப் போன்றது. சுரங்கம் தொடங்கும்போதே அதனைப் பெறுவதே விவேகம்.

எதை, எங்கே, எப்போது அளப்பது

அளப்பதிலும் முறை உண்டு. சுரங்கம் வெட்டுவதற்கு முன்பே ஆற்றுநீரையும் வயல் மண்ணையும் சோதித்துக் குறித்து வைத்தல் வேண்டும். முன்னிருந்த நிலை தெரியாவிடின் பின்வந்த கெடுதியை நிரூபிக்க இயலாது. சுரங்கத்திற்கு மேலே ஓரிடம், சுரங்க வாய், குவியலின் அடிவாரம், சுரங்கத்திற்குக் கீழே ஓரிடம், வயலின் மடை ஆகிய எல்லா இடங்களிலும் நீரை எடுக்க வேண்டும். ஆறு தெளிந்து ஓடும் நாளில் மட்டும் எடுத்தால் போதாது. கழிவு மண் இறங்குவது பெருமழையில்தான். ஆதலால் புது வெள்ளத்தின் கலங்கல் நீரையும் எடுக்க வேண்டும். நீர் தெளிவாயிருப்பினும் படுகையின் வண்டலில் உலோகம் தங்கியிருக்கும். அதனையும் சோதிக்க வேண்டும். இறுதியாக நெல்லையே சோதிக்க வேண்டும். ஜப்பானில் கிலோ அரிசிக்கு 1 மில்லிகிராம் என்றிருந்த காட்மிய வரம்பு, 2011 முதல் 0.4 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது.

சாதாரணமாகத் தலைமடை நிலக்காரருக்கு நீரில் முதல் பங்கு, கடைமடைக்காரருக்குக் குறை. சுரங்க நீரிலோ முறை மாறுகிறது. வண்டல் முதலில் படிவது மடைவாயில் ஆதலால், தலைமடை நிலத்திலும், ஒரே வயலில் நீர் புகும் மூலையிலும் உலோகம் மிகுதியாகச் சேர்கிறது. மண்ணைச் சோதிப்பவர் அம்மூலையை விட்டுவிடலாகாது.

காட்மியம் சிறிதளவு ஏறிய நிலத்தில், கதிர் வெளிவருவதற்கு மூன்று வாரம் முன்பும் பின்பும் வயலில் நீர் வற்றாமல் வைத்திருந்தால், அவ்வுலோகம் கந்தகத்தோடு கூடிக் கரையாத நிலையில் மண்ணிலேயே நிற்கிறது. நெல்லில் ஏறுவது குறைகிறது. வயல் காய்ந்தால் மீண்டும் கரைகிறது. ஆனால் மண்ணில் ஆர்சனிக் என்னும் பாஷாணமும் இருக்குமாயின், நீர் தேங்கி நிற்பதால் அது நெல்லில் ஏறுவது அதிகமாகும். ஆகவே மண்ணைச் சோதியாமல் இம்முறையைக் கையாளுதல் தகாது. எப்படியாயினும் இவை வயலில் செய்யும் தற்காப்பே அன்றி, மலையில் செய்ய வேண்டியதற்கு ஈடாகா.

மூடிய சுரங்கமும் சுரங்கமே

சுரங்கம் மூடியவுடன் கவலை ஒழிந்ததென்று நினைப்பது பெரும் பிழை. ஆஷியோ மலைக்குள் வெட்டிய வழிகளின் மொத்த நீளம் 1,200 கிலோமீட்டருக்கு மேல். அவற்றில் ஊறும் நீரை, 1973-ல் சுரங்கம் மூடிய பின்பும் சுத்தி செய்துகொண்டேயிருக்க வேண்டியிருக்கிறது. இவாத்தே மாகாணத்திலுள்ள மட்சுவோ கந்தகச் சுரங்கத்தின் கம்பெனி மறைந்துபோயிற்று; அதன் அமில நீர் மட்டும் நிற்கவில்லை. 1982 முதல் பொதுப் பணத்தில் இரவும் பகலும் அந்நீர் சுத்தி செய்யப்பட்டு வருகிறது. லாபம் அடைந்தவர் போய்விட, நீர் மட்டும் ஊறிக்கொண்டிருக்கும் நிலை எங்கும் வரலாகாது.

ஆகவே பாசன ஆற்றுக்கு மேலே சுரங்கம் வெட்ட அனுமதி கொடுக்கும் எந்தப் பத்திரத்திலும் மூன்று ஷரத்துக்கள் இருத்தல் வேண்டும். கீழுள்ள பாசனதாரர் தாம் தெரிந்தெடுக்கும் நிபுணருடன் வேண்டும்போது உள்ளே சென்று சோதிக்கலாம் என்பது ஒன்று. அதன் செலவைச் சுரங்கமே ஏற்க வேண்டும் என்பது இரண்டு. மூடிய பின்பும் நீரைச் சுத்தி செய்யவும் குவியலைக் காக்கவும் வேண்டிய பணத்தை முன்கூட்டியே கட்டி வைக்க வேண்டும் என்பது மூன்று. சோதனையில் கண்ட எண்களை ஆண்டு தவறாமல் கிராமக் கணக்கில் பதிந்து, கேட்பவர் யாவருக்கும் காட்டுவது கிராம அதிகாரிகளின் பொறுப்பாக இருத்தல் வேண்டும். நிலத்தின் பரப்பையும் விளைச்சலையும் தீர்வையையும் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் கணக்கில், அந்நிலத்திற்குப் பாயும் நீரின் தன்மைக்கு ஒரு பத்தி சேர்ப்பது பெரிய காரியமன்று.